செக்யூலர் என்றால் எல்லா இடத்திலும் 'மதச்சார்பற்ற' தானா?

கேள்வி: ஆங்கிலக் கட்டுரை ஒன்றைத் தமிழாக்குகிறேன். செக்யூலர் என்று வரும் இடமெல்லாம் 'மதச்சார்பற்ற' என்று போட்டால் சரியாகுமா? பொருளியல் பகுதியில் பொருளே வரவில்லை.

பதில்: வராது. நீங்கள் மாட்டிக்கொண்டது அநேகமாக 'செக்யூலர் டிரெண்ட்' ஆக இருக்கும். அதில் மதத்துக்கு வேலையே இல்லை. அது நீள்காலப் போக்கு. காலத்தொடர் வரிசையை, அதாவது மாதாமாதம் அல்லது ஆண்டுதோறும் பதிவான எண்களை, பிரிக்கும்போது வரும் நான்கு கூறுகளில் முதலாவது. தீபாவளிக்குத் தீபாவளி துணி விற்பனை எகிறுவது பருவகால மாறுபாடு. அதையும் தொழில் சுழற்சியையும் (சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் பொருளாதார ஏற்ற இறக்கம்) கழித்த பிறகும் பத்து, இருபது ஆண்டுகளாக ஒரே பக்கம் நகர்வது எதுவோ, அதுதான் இங்கே செக்யூலர். மாதவாரித் தரவு என்றால் 12 மாத நகரும் சராசரி எடுத்தால் பருவ ஆட்டம் அடங்கும். 12 இரட்டைப்படை என்பதால் ஒவ்வொரு சராசரியும் இரண்டு மாதங்களுக்கு நடுவில் விழும். அடுத்தடுத்த இரண்டைச் சேர்த்து மறுபடி சராசரி கண்டு மையப்படுத்தாவிட்டால் கோடு அரை மாதம் தள்ளி நிற்கும். மூன்றாண்டுத் தரவை வைத்துக்கொண்டு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறவர்களை நம்பாதீர்கள். சுழற்சியின் ஏறுமுகத்தைப் போக்கு என்று நினைத்திருப்பார்கள்.

'செக்யூலர் ஸ்டாக்னேஷன்' வந்தால் நீள்காலத் தேக்கம். 1938இல் ஆல்வின் ஹான்சன் அமெரிக்கப் பொருளியல் சங்கத் தலைமையுரையில் பேசியது. 2013இல் அமெரிக்கப் பொருளியலாளர் லாரி சம்மர்ஸ் தூசு தட்டி எடுத்தார்.

மதச் சொல்லுக்கும் இதற்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். உண்மையில் காலம்தான் மூத்த பொருள். லத்தீனில் 'சேகுலும்' என்றால் ஒரு தலைமுறை, அல்லது ஒரு மனிதன் வாழக்கூடிய மிக நீண்ட ஆயுள். கி.மு. 17இல் அகஸ்டஸ் ரோமில் நடத்திய யுக விழாவுக்கு அதை 110 ஆண்டாகக் கணக்கிட்டார்கள். வானியலார் இன்றும் அந்தப் பொருளைத்தான் வைத்திருக்கிறார்கள். சந்திரன் ஆண்டுக்கு சுமார் 3.8 சென்டிமீட்டர் விலகிப்போவது செக்யூலர் மாற்றம்: போனது போனதுதான், ஊசல்போலத் திரும்பி வருவதில்லை. புதன் கோளின் சுற்றுப்பாதை மெல்லச் சுழன்று நகர்வதில் நியூட்டன் கணக்குக்கு அடங்காமல் மிஞ்சிய 43 விகலையை (விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) 'நூற்றாண்டுக்கு' என்று சொல்வதும் அதே மரபு.

கிறிஸ்தவ லத்தீன் அந்தச் சொல்லை எடுத்து 'இந்தக் காலம், இந்த உலகம்' என்று ஆக்கியது. நம் மொழியில் இம்மை. அங்கிருந்துதான் இரண்டாவது கிளை. கத்தோலிக்க நூல்களில் 'செக்யூலர் பிரீஸ்ட்' என்று வந்தால் மதச்சார்பற்ற பாதிரியார் என்று எழுதிவிடாதீர்கள், சிரிப்பார்கள். துறவற சபை எதிலும் சேராமல் ஆயருக்குக் கீழே மக்களிடையே பணிபுரிகிறவர், மறைமாவட்டக் குரு. அதுபோல் திருச்சபை நீதிமன்றம் ஒருவரைச் சமய விரோதி என்று தீர்த்து 'செக்யூலர் ஆர்ம்' வசம் ஒப்படைத்தது என்று இருந்தால், அது மதச்சார்பற்ற படை அல்ல. ஆளைக் கொளுத்தும் வேலையைச் செய்த அந்த அரசும் முழுக்கக் கிறிஸ்தவ அரசுதான். 'உலகியல் அதிகாரம்' என்று எழுதுங்கள்.

'செக்யூலரிசம்' என்ற கொள்கைப் பெயர் மிகப் பிந்தியது. 1851இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக் உருவாக்கினார். மத நிந்தனைக்காக ஆறு மாதம் சிறையிருந்தவர் அவர். ஆனாலும் நாத்திகம் என்ற முத்திரை வேண்டாமென்றே புதுப் பெயர் வைத்தார். அந்த அலை சென்னைக்கும் வந்தது. 1880களில் தத்துவ விவேசினி இதழை நடத்தியவர்கள் தங்கள் அமைப்பை 'சென்னை இலௌகிக சங்கம்' என்றார்கள். இலௌகிகம்! லோகத்திலிருந்து வந்த சொல். மூலத்தோடு அப்படியே ஒட்டுகிறது. நாம்தான் கைவிட்டோம்.

இப்போது சட்டம். இங்கேதான் நல்ல மொழிபெயர்ப்பாளர்களே சறுக்குகிறார்கள். இந்திய அரசமைப்பின் முகப்புரையில் இந்தச் சொல் 42ஆவது திருத்தத்தால், 1976இல் நுழைந்தது. அது அரசின் குணம், ஆகவே மதச்சார்பற்ற, சமயச்சார்பற்ற இரண்டும் சரி. ஆனால் 25(2)(அ) பிரிவில் 1950 முதலே இதே சொல் இருக்கிறது: மத வழக்கத்தோடு இணைந்த பொருளாதார, நிதி, அரசியல் அல்லது பிற 'செக்யூலர்' நடவடிக்கைகளை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்று. கோயில் நிலக் குத்தகை, உண்டியல் கணக்கு போன்றவை. இங்கே 'மதச்சார்பற்ற நடவடிக்கை' என்றால், கோயிலுக்குள் நடப்பது எப்படி மதச்சார்பற்றது ஆகும் என்று வாசகர் திகைப்பார். 'உலகியல் நடவடிக்கை' என்றால் விளங்கிவிடும். 1972 சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்தப் பொருளில்தான்: அர்ச்சகரை நியமிப்பது உலகியல் செயல், அவர் செய்யும் பூசை சமயச் செயல். (இதை எழுதினாலே 'முகப்புரையிலிருந்து அந்தச் சொல்லை நீக்கச் சொல்கிறாயா' என்று யாராவது வருவார். இல்லை ஐயா, மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன். அப்படிக் கேட்ட மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தள்ளுபடி செய்தாகிவிட்டது.)

முகப்புரைச் சொல்லுக்கு அரசமைப்பு வரையறை தரவில்லை. 'எல்லா மதங்களுக்கும் சம மதிப்பு' என்று வரையறுக்க 1978இல் ஒரு மசோதா வந்தது, மாநிலங்களவை அந்தப் பகுதியை ஏற்கவில்லை. அதனால் 'சர்வ சமய சமத்துவம்' என்று நீங்களாக விரித்து எழுதாதீர்கள். அது மொழிபெயர்ப்பு அல்ல, வியாக்கியானம். இந்தியில் அதிகாரபூர்வமாக 'பந்த்நிர்பேக்ஷ' ('பந்த்' என்றால் சமயப் பிரிவு) என்றுதான் போட்டார்கள், 'தர்மநிர்பேக்ஷ' என்று போடவில்லை. பிரான்சைப் பற்றிய கட்டுரை என்றால் 'லாயிசிட்டே' என்ற அவர்கள் சொல்லை ஒருமுறை அப்படியே எழுதி, 1905 சட்டப்படி அரசும் திருச்சபையும் பிரிந்தது என்று ஒரு வரி சேருங்கள்.

ஆக, அகராதியைப் பார்க்கும் முன் பின்னால் நிற்கும் பெயர்ச்சொல்லைப் பாருங்கள். அரசு, கட்சி, கூட்டணி என்றால் மதச்சார்பற்ற. போக்கு, தேக்கம், கோள், காந்தப்புலம் என்றால் நீள்கால. இசை, கல்வி, செயல் என்றால் உலகியல். ஆள் என்றால் நின்று யோசியுங்கள்: 'செக்யூலர் யூதர்' மதக் கடைப்பிடிப்பு இல்லாதவர், யூதர் அல்லாதவர் அல்ல.

கடைசியாக ஒரு புலம்பல், கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான். மதம் + சார்பு சேர்ந்தால் 'மதச்சார்பு'. நடுவில் ச் உண்டு. தொலைக்காட்சிக் கீழ்வரியிலும் சுவரொட்டியிலும் 'மதசார்பற்ற' என்றே ஓடுகிறது. ஒரு புள்ளி வைத்த எழுத்துக்கு அவ்வளவு பஞ்சமா?