கைப்பேசியும் இரத்த அழுத்தமும்

கேள்வி: இரத்த அழுத்தம் 150/95 என்கிறார்கள். கைப்பேசிச் செயலியால் அதைக் குறைக்க முடியுமா?
— வாசகி, பாலக்கோடு

பதில்: அம்மா, நீங்கள் கருவியில் அளந்ததையும், நடந்த நேரத்தையும், உண்ட உப்பையும் நாள்தோறும் பதியவைத்துப் பழக்கமாக்குவதே செயலியின் வேலை. ஐந்து நிமிடம் சாய்ந்தமர்ந்து, கையை நெஞ்சின் உயரத்தில் மேசைமேல் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை அளந்து பதியுங்கள்; அந்தப் பதிவு மருத்துவருக்குப் பெரிதும் உதவும். உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும். நம் ஊர்க் களி நல்லதுதான். தொட்டுக்கொள்ளும் மாங்காய் ஊறுகாயைத்தான் குறைக்க வேண்டும். 2021இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீடு தேடியே வருகிறது. செயலியில் எண் குறைந்துவிட்டதென்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.