மந்திரியைப் பிடிக்க ஆறு எபிசோடு போதுமா?

கேள்வி: நிருபர்களை வைத்து எடுத்த நாலைந்து தொடர்களை ஒரே மூச்சில் பார்த்தேன். கொலை, சதி, மந்திரி, பெரிய கம்பெனி என்று எல்லாவற்றையும் ஒரு நிருபர் ஆறு எட்டு எபிசோடுக்குள் அம்பலப்படுத்திவிடுகிறார். நீங்களும் இத்தனை வருடமாகப் பத்திரிகை நடத்துகிறீர்கள். ஒரு சதியையாவது கண்டுபிடித்தது உண்டா? இந்தத் தொடர்களில் எது நிஜத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது? எங்கள் ஊர்க் குளத்தை ஒரு பெரிய மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்துக்கொண்டிருக்கிறார், அதையாவது எழுதுவீர்களா? (என் பெயரைப் போட வேண்டாம்.)
வாசகர், பாளையங்கோட்டை

பதில்: மந்திரி பெயர், கம்பெனி பெயர் எல்லாவற்றையும் நாங்கள் துணிந்து போட வேண்டும், உங்கள் பெயர் மட்டும் வெளியே தெரியக் கூடாது. கேலி செய்யவில்லை, ஐயா. நிருபர் வேலையில் பாதி, நீங்கள் அடைப்புக்குறிக்குள் எழுதியிருக்கும் அந்த ஒரு வரியில்தான் கிடக்கிறது. பெயர் வேண்டாம் என்று ஒருவர் ஒரு விஷயத்தைச் சொன்னால், அதற்கப்புறம் பத்திரிகைக்காரன் என்ன செய்கிறான் என்று பார்த்துத்தான் இந்தத் தொடர்களுக்கு நான் மார்க் போடுவது. அப்படிப் பார்த்தால் முக்கால்வாசி ஃபெயில்.

முதலில், பலரும் தலையில் வைத்துக் கொண்டாடும் 'ஸ்டேட் ஆஃப் ப்ளே'. 2003-ல் பிபிசியில் ஆறு எபிசோடாக வந்தது. பால் அபாட் எழுதி, டேவிட் யேட்ஸ் இயக்கியது. ஒரு எம்.பி.யிடம் வேலை பார்த்த இளம்பெண் லண்டன் பாதாள ரயிலில் விழுந்து சாகிறாள். அதே சமயம் ஒரு பையன் சுட்டுக் கொல்லப்படுகிறான். இரண்டுக்கும் முடிச்சு இருப்பதைக் கண்டுபிடிக்கும் நிருபர், அந்த எம்.பி.யின் தேர்தல் வேலையை ஒரு காலத்தில் முன்னின்று பார்த்தவர். முடிவைச் சொல்லப்போகிறேன், பார்க்காதவர்கள் அடுத்த பத்திக்குத் தாவிவிடுங்கள். எம்.பி.யை உளவு பார்க்க அந்தப் பெண்ணை எண்ணெய்க் கம்பெனி ஒன்று வைத்திருந்தது நிஜம். ஆனால் நூலைப் பிடித்துக்கொண்டே போனால், அவள் சாவுக்குப் பின்னால் நிற்பது எம்.பி.யேதான், நிருபரின் சிநேகிதன்.

நல்ல தொடர், மறுக்கவில்லை. ஆசிரியராக வரும் பில் நை (இதற்காக பாஃப்டா விருது வாங்கினார்) ஒரு புருவத்தை உயர்த்தினால் நியூஸ்ரூமே ஓடுகிறது. நான் புருவத்தை உயர்த்தினால் 'கண்ணில் தூசியா சார்' என்கிறார்கள். ஆனால் அந்த நிருபர் செய்கிற காரியங்களைப் பாருங்கள். செய்தியில் மாட்டியிருப்பவர் அவருடைய நண்பர். அந்த நண்பரின் மனைவியோடு இவருக்கு உறவு. விஷயம் தெரிந்த ஒருவனை ஹோட்டல் அறையில் உட்கார வைத்து, அவனுக்குத் தெரியாமல் கேமராவை ஓடவிட்டுப் பேச்சுப் பிடுங்குகிறார்கள். எங்கள் ஆபீஸ் என்றால் முதல் எபிசோடிலேயே அவரை ஆன்மிகப் பக்கத்துக்கு மாற்றியிருப்பேன். தொடர் எதையும் மறைக்கவில்லை. நமக்கு உறைப்பதற்குள் அடுத்த திருப்பம் வந்துவிடுகிறது, அவ்வளவுதான். சதி மலை மாதிரி இருந்தால் நிருபரின் சில்லறைத் தப்புகள் கண்ணில் படாது.

அப்புறம் நேரக் கணக்கு. தாலுகா ஆபீஸில் ஒரு பதிவேட்டின் நகல் கேட்டு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டம்) மனு போட்டால், பதில் சொல்லவே சட்டப்படி 30 நாள். மழுப்பலாகப் பதில் வந்தால் மேல்முறையீடு. அதற்கு இன்னொரு 30 நாள், இழுத்தால் 45. எதிர்க்கட்சி அலுவலகத்தை உளவு பார்க்க வாட்டர்கேட் கட்டடத்தில் புகுந்த ஆட்கள் பிடிபட்டது 1972 ஜூன் 17-ம் தேதி. அந்த விவகாரத்தில் அமெரிக்க ஜனாதிபதி நிக்சன் ராஜினாமா செய்தது 1974 ஆகஸ்டில். கிட்டத்தட்ட 26 மாதம். அதை உள்ளபடி தொடராக எடுத்தால் பாதி எபிசோடுகளில் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு 'லைன்லயே இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நிஜத்துக்குப் பக்கத்தில் எது என்று கேட்டீர்களே, என் கட்சி, அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்துப் போலீஸையும் போதைப்பொருள் கும்பல்களையும் பற்றிய 'தி வயர்' தொடரின் ஐந்தாவது சீசன். 2008-ல் ஹெச்பிஓவில் வந்தது, பத்தே எபிசோடு. உருவாக்கிய டேவிட் சைமன் 1982-லிருந்து 1995 வரை 'பால்டிமோர் சன்' பத்திரிகையில் நிருபராக இருந்தவர். அந்தப் பத்திரிகையையே பெயர் மாற்றாமல் கதைக்குள் கொண்டுவந்தார். பழைய மேலதிகாரிகள் மேல் அவருக்கு இருந்த கோபம் அப்பட்டமாகத் தெரியும். மேலிடத்து ஆசிரியர்கள் இருவரும் காகிதத்தில் கத்தரித்த வில்லன்கள் மாதிரி இருப்பார்கள். அது குறைதான். ஆனால் மற்றதெல்லாம் அச்சு மை வாசனையோடு இருக்கும்.

ஒரு காட்சி. தீ விபத்துச் செய்தியில் ஆட்களை 'எவாகுவேட்' செய்தார்கள் என்று ஒரு இளம் பெண் நிருபர் எழுதிவிடுகிறார். டெஸ்க்கில் இருக்கும் பழைய ஆசாமி ஒருவர், கட்டடத்தைத்தான் அப்படிச் செய்யலாம், மனிதர்களைச் செய்தால் அது இனிமா கொடுக்கிற சமாச்சாரம் என்று திருத்துகிறார். நம்மூரில் 'ஆட்களைக் காலி செய்தார்கள்' என்று ஒரு சப்-எடிட்டர் எழுதினால் கொலைக் கேஸாகிவிடும், அது மாதிரி. இன்னொரு காட்சியில், கஸ் ஹேன்ஸ் என்ற நகரச் செய்தி ஆசிரியர் நடு ராத்திரியில் திடுக்கிட்டு எழுந்து ஆபீஸுக்குப் போன் போடுவார். எந்த மந்திரியும் மிரட்டியிருக்க மாட்டான். ஒரு செய்தியில் எண்களை இடம் மாற்றிப் போட்டுவிட்டோமோ என்ற சந்தேகம். பார்த்துச் சொல்கிறார்கள், சரியாகத்தான் இருக்கிறது. மறுபடி படுத்துக்கொள்கிறார். இந்தக் காட்சியை ஏன் வைத்தார்கள் என்று என் மனைவியைக் கேட்டால் சொல்வாள். எத்தனை ராத்திரி அவள் தூக்கம் கெட்டிருக்கிறது!

சதிக்கு வருவோம். பத்திரிகையில் செலவைக் குறைக்கிறார்கள். போலீஸ் இலாகாவைக் கரைத்துக் குடித்த மூத்த நிருபரைப் பணம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த நேரம் பார்த்து, மெக்நல்ட்டி என்ற துப்பறிவாளர் வீடில்லாதவர்களைக் கொல்லும் தொடர் கொலைகாரன் ஒருவனை இட்டுக்கட்டுகிறார். போதைப்பொருள் கும்பல் ஒன்றைப் பிடிக்க இலாகா பணம் ஒதுக்கவில்லை. இப்படி ஒரு பூதத்தைக் கிளப்பினால் பணம் வரும் என்று கணக்கு. இந்தப் பக்கம் டெம்பிள்டன் என்ற நிருபர் தன் பங்குக்குக் கதை கட்டுகிறார். பேஸ்பால் சீசனின் முதல் நாள் ஆட்டத்துக்கு வந்த சக்கர நாற்காலிப் பையனைப் பற்றி உருக்கமாக எழுதுவார். பெயர்? வெறும் 'ஈ.ஜே.' படம்? இல்லை. கஸ்ஸுக்கு மூக்கு வேர்க்கும், மேலிடத்துக்குக் கண் கலங்கும். அப்புறம் அந்த இல்லாத கொலைகாரன் தனக்குப் போன் செய்ததாக அதே நிருபர் அள்ளிவிடுகிறார். கொலைகாரனே இல்லை என்று மெக்நல்ட்டிக்குத் தெரியும். ஆனால் அவரால் வாயைத் திறக்க முடியாது. ஒரு பொய் இன்னொரு பொய்க்கு முட்டுக் கொடுத்து நிற்கிறது. மேயர் அலுவலகம்வரை எல்லோருக்கும் அதில் ஆதாயம். கடைசியில் டெம்பிள்டனுக்கு அமெரிக்கப் பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர் பரிசு, கஸ் பிழை திருத்தும் காப்பி டெஸ்க்குக்குத் தூக்கியடிக்கப்படுகிறார்.

மிகையா? 1980 செப்டம்பரில் 'வாஷிங்டன் போஸ்ட்' முதல் பக்கத்தில் ஜிம்மி என்ற எட்டு வயதுப் பையனின் கதை வந்தது. ஹெராயின் ஊசிக்கு அடிமையான குழந்தை. ஊரே பதறியது, போலீஸ் தேடியது, பையன் கிடைக்கவில்லை. எழுதிய ஜேனட் குக், உயிருக்கு ஆபத்து என்று சொல்லி விலாசத்தைத் தரவில்லை. 1981 ஏப்ரலில் புலிட்சர் அறிவித்தார்கள். ஒரு சில நாளில் எல்லாம் கட்டுக்கதை என்று ஒப்புக்கொண்டு ராஜினாமா, பரிசு வாபஸ். அவருக்கு மேலே இருந்த ஆசிரியர்களில் ஒருவர் வாட்டர்கேட் புகழ் பாப் உட்வர்ட். ஜனாதிபதியின் பொய்யைப் பிடித்தவருக்கு, தன் டெஸ்க்குக்கு வந்த பொய் பிடிபடவில்லை.

இன்னொன்று. 'தி வயர்' ரசிகர்கள் உயிராக நேசிக்கும் ஓமர், போதைப்பொருள் வியாபாரிகளிடமே கொள்ளையடிக்கிறவன், இந்த சீசனில் ஒரு கடைக்குள் சுடப்பட்டுச் சாகிறான். பேப்பரில் அது வரவில்லை. இடம் இல்லை, ஒரு தீ விபத்துச் செய்தி அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. கத்தரித்தது கெட்டவர்கள் யாரும் இல்லை, நம்ம கஸ்தான். அந்தக் கத்தரி என் மேஜையிலும் இருக்கிறது, வாராவாரம் எடுக்கிறேன்.

நம் நாட்டுச் சரக்கில் 'ஸ்கூப்' பாருங்கள். 2023-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது, ஹன்சல் மேத்தா எடுத்தது, இதுவும் ஆறு எபிசோடு. 2011 ஜூன் 11 அன்று மும்பை பவாயில் 'மிட்-டே' நிருபர் ஜே. டே சுட்டுக் கொல்லப்பட்டார். டேயின் மோட்டார் சைக்கிள் நம்பரையும் விலாசத்தையும் தாதா சோட்டா ராஜனுக்குக் கொடுத்ததாகச் சொல்லி, ஜிக்னா வோரா என்ற பெண் நிருபரைப் போலீஸ் கைது செய்தது. சுமார் எட்டு மாதம் பைகுல்லா சிறை. 2018 மே மாதம் தனி நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவர் எழுதிய சிறை அனுபவ நூல்தான் தொடருக்கு மூலம். ராஜன் திகார் சிறையில் இருந்துகொண்டே இந்தத் தொடரை எதிர்த்து பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனார், கேட்ட நஷ்ட ஈடு ஒரு ரூபாய். தாதாக்களுக்கும் மானம் இருக்கிறது, விலை மலிவு.

தொடரின் உயிர் அதன் முதல் பாதியில் இருக்கிறது. கதாநாயகி, பெரிய போலீஸ் அதிகாரிகளிடம் சிரித்துப் பேசிச் செய்தி வாங்குகிற கெட்டிக்காரி. 'வட்டாரங்கள் தெரிவித்தன' என்று எழுதியே முதல் பக்கத்தைப் பிடிக்கிறவள். அவள் கைதானதும் அதே வட்டாரங்கள் மற்ற பேப்பர்களுக்கு அவளைப் பற்றித் தெரிவிக்க ஆரம்பிக்கின்றன. சக நிருபர்கள் ஒரு வார்த்தை சரிபார்க்காமல் வாங்கிப் போடுகிறார்கள்.

எனக்கு அந்தக் காட்சிகளில் வியர்த்தது. மாலைப் பத்திரிகை ஒன்றில் கிரைம் பார்த்துக்கொண்டிருந்த காலம். ஸ்டேஷன் ரைட்டர் டீக்கடையில் வைத்துச் சொன்னதை நம்பி, நகைக்கடை ஊழியர் ஒருவரைத் திருடன் என்று பெயர், ஊர், தெரு எல்லாம் போட்டு எழுதினேன். திருடியது முதலாளியின் சொந்தக்காரப் பையன் என்று பத்து நாளில் தெரிந்தது. ஏழாம் பக்கத்தில் நாலு வரி 'வருந்துகிறோம்' போட்டோம். அந்த ஊழியரின் அம்மா ஆபீஸுக்கு வந்தார். திட்டவில்லை. முந்தானை முடிச்சில் மடித்து வைத்திருந்த பேப்பரை எடுத்து, இந்த நாலு வரியை ஏன் அந்தச் செய்தி அளவுக்குப் பெரிய எழுத்தில் போடவில்லை என்று கேட்டார். எனக்கு எழுத்து அளவு பற்றி அன்றைக்கு ஒரு பதிலும் தெரியவில்லை. அந்தச் செய்தியில் பெயர் வராமல் தப்பித்தது ரைட்டர் மட்டும்.

தமிழில் 'வதந்தி' (2022, அமேசான் பிரைம்) இதே புண்ணைத்தான் தொடுகிறது. கன்னியாகுமரிப் பக்கம் கிடைத்த பிணத்தை முதலில் ஒரு நடிகை என்று செய்தி பரப்புகிறார்கள். நடிகை உயிரோடு வந்து நிற்கிறார். அப்புறம் இறந்துபோன பெண்ணின் நடத்தை பற்றி ஆளாளுக்கு ஒரு கதை. கொஞ்சம் நீளம், எட்டு எபிசோடில் இரண்டைக் குறைத்திருக்கலாம். ஆனாலும் 'கள்ளக்காதல்', 'அழகி கைது' என்று தலைப்புப் போட்டுப் பிழைத்த தமிழ்ப் பத்திரிகைக்காரர்கள் ஒரு தடவை உட்கார்ந்து பார்க்கலாம், என்னையும் சேர்த்து.

ஒரு சதியையாவது கண்டுபிடித்தது உண்டா என்ற உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: தொடர்களில் வருகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. நான் பார்த்ததெல்லாம் நாலு பேர் கையெழுத்துப் போட்டு, ஐந்தாவது ஆள் கண்ணை மூடிக்கொண்ட சின்னக் காரியங்கள். பெரிதாகக் கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். பீரங்கி வாங்கியதில் லஞ்சம் என்ற போஃபர்ஸ் விவகாரம் 1987-ல் ஸ்வீடன் வானொலியில் கிளம்பியது. சித்ரா சுப்பிரமணியம் ஐரோப்பாவிலிருந்து சேகரித்த ஆவணங்கள் 1988-லிருந்து நம் மவுண்ட் ரோடு 'தி இந்து'வில் வந்தன. ஆவணங்களைக் கொடுத்தவர் யார்? ஸ்வீடன் போலீஸில் அந்த விசாரணையை நடத்திய ஸ்டென் லிண்ட்ஸ்ட்ரோம். இது வெளியே வந்தது 2012-ல், அதுவும் அவரே சம்மதித்த பிறகு. பெயர் வேண்டாம் என்றவரின் பெயரை 25 வருடம் வெளியே விடவில்லை. பெயரை மறைத்தார்களே தவிர, காகிதத்தைக் காட்டினார்கள். ஜிம்மிக்கும் ஈ.ஜே.வுக்கும் இல்லாதது அந்தக் காகிதம்.

ஆகவே, உங்கள் குளம். 'பெரிய மனிதர்', 'கொஞ்சம் கொஞ்சமாக' என்பதை வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுத முடியாது. சர்வே எண், கிராமக் கணக்கில் அது நீர்நிலை என்று இருக்கும் பக்கத்தின் நகல், கரையை உடைத்த இடத்தைக் காட்டுகிற படம், அது எடுத்த தேதி, இவ்வளவும் வேண்டும். முடிந்தால் பழைய படம் ஒன்றும். தபாலில் அனுப்புங்கள். அந்தப் பெரிய மனிதரிடமும் ஆள் அனுப்பிக் கேட்போம், அவர் சொல்வதையும் போடுவோம். இரண்டு மூன்று மாதமாவது ஆகும். உங்கள் பெயரைப் போட மாட்டோம். ஆனால் எனக்குத் தெரிய வேண்டும். கடிதத்தில் நீங்கள் கையெழுத்துகூடப் போடவில்லை.