ஒரே கால்பந்து கிளப்பில் நிலைக்காத ஸ்ட்ரைக்கரை நல்ல ஆட்டக்காரர் என்று சொல்லலாமா?

கேள்வியின் கீழே நீங்கள் எழுதியிருப்பது: "பென்னி மெக்கார்த்தி எட்டு கிளப்பில் ஆடியிருக்கிறார். எங்கேயும் நிலைக்காதவரை ஏன் தென்னாப்பிரிக்காவின் பெரிய ஸ்ட்ரைக்கர் என்கிறார்கள்? பதினெட்டு வயதில் மூன்றாவது கிளப்புக்குப் போகத் துடிக்கும் ஒரு பையனுக்கு என்ன சொல்வது?"

அந்தப் பையன் உங்கள் மகனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாரும் வயதோடு, கிளப் கணக்கோடு இப்படிக் கேட்கமாட்டார்கள். வீட்டில் யாரோ "இவன் எங்கேயும் ஒட்டமாட்டான்" என்று சொல்லியிருப்பார்கள், அது உங்களுக்குள் தைத்திருக்கும். எனக்கும் தைத்தது. அதனால்தான் நீளமாக எழுதுகிறேன்.

நான் தூத்தூர்க்காரன். கன்னியாகுமரி மாவட்டக் கடலோரம். எங்கள் ஊரில் நடக்கப் பழகிய மறுநாளே பிள்ளைகள் பந்தை உதைக்கும். 1999இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தேன். கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் வெல்டர். மனைவி இங்கே இந்திய வம்சாவளியினர் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த்தில் பிறந்தவள். ஒரே மகன். அவன் ஸ்ட்ரைக்கர், கோல் அடிப்பதற்காகவே முன்னால் நிற்கிறவன். இப்போது ஐந்தாவது கிளப்பில் ஆடுகிறான். நான் கோச் இல்லை, ஏஜென்ட் இல்லை. மைதானக் கம்பிவேலிக்கு வெளியே பதினைந்து வருடம் நின்ற அப்பன். அந்தத் தகுதி போதாது என்று நினைப்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

முதலில் பென்னி. கேப் டவுன் ஹனோவர் பார்க் பையன். அங்கே செவன் ஸ்டார்ஸ், கேப் டவுன் ஸ்பர்ஸ் என்று இரண்டு கிளப். 1997இல் ஆம்ஸ்டர்டாம் அயாக்ஸ். 1998 ஆப்பிரிக்கக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிராக 13 நிமிடத்துக்குள் நாலு கோல், அந்தப் போட்டித் தொடரில் மொத்தம் ஏழு. அதே வருடம் உலகக் கோப்பையில் டென்மார்க்குக்கு எதிராக அவர் அடித்ததுதான் உலகக் கோப்பை வரலாற்றில் தென்னாப்பிரிக்காவின் முதல் கோல். அதுவரை எல்லாம் ஏறுமுகம்.

1999இல் ஸ்பெயினின் செல்டா வீகோவுக்குப் போனார். அங்கே முதல் சீசனுக்குப் பிறகு பெரும்பாலும் பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருந்தது. 2002 தொடக்கத்தில் போர்த்துகலின் போர்ட்டோவுக்கு லோனில், அதாவது கொஞ்ச காலத்துக்கு இரவலாக, அனுப்பினார்கள். வீகோவிலிருந்து போர்ட்டோ 150 கிலோமீட்டர்தான், எங்கள் டர்பனிலிருந்து ரிச்சர்ட்ஸ் பே போகிற தூரத்தைவிடக் குறைவு. அங்கே 11 லீக் ஆட்டத்தில் 12 கோல். கால் அதே கால், தலை அதே தலை. இரண்டு மணி நேரக் கார் பயணத்தில் ஒரு மனிதன் புதிதாக ஆட்டம் கற்றுக்கொள்ள முடியுமா? போர்ட்டோவில் மொரின்யோ என்ற கோச் அவரை எதிரணி கோலுக்கு முன்னால் இருக்கும் பெட்டிக்குள் நிறுத்தி, பந்து அவருக்கு வருகிற மாதிரி அணியை அமைத்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகும் கதை நேர்கோடாகப் போகவில்லை. அந்த நேரத்தில் அவரை விலைக்கு வாங்க போர்ட்டோவிடம் பணம் இல்லை. மறுபடி வீகோவுக்கே திரும்பினார். அந்த 2003இல் போர்ட்டோ யூஇஎஃப்ஏ கோப்பையை வென்றபோது அவர் அங்கே இல்லை. பிறகு ஒருவழியாக வாங்கினார்கள். 2003-04 சீசனில் போர்த்துகல் லீக்கில் 20 கோல் அடித்து முதலிடம். ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் பட்டமும் அதே சீசனில்தான்.

2004 பிப்ரவரியில் போர்ட்டோவும் மான்செஸ்டர் யுனைடெட்டும் மோதிய ஆட்டத்தை மச்சான் வீட்டில் பார்த்தோம். இங்கே இரவு பத்து மணி ஆகிவிட்டது. மகனுக்கு இரண்டு வயது, என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். முதல் கோல் யுனைடெட்டுக்கு. அடித்தவர் குவின்டன் ஃபார்ச்சூன், அவரும் கேப் டவுன்காரர்தான். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் மச்சான் எழுந்து நின்றார். பிறகு பென்னி ஒன்று போட்டார். 78ஆவது நிமிடத்தில், உயர வந்த பந்துக்கு அவர் எகிறியதை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்ப்பேன். பின்னால் நின்றவர்கள் இன்னும் தரையில் இருந்தார்கள். கழுத்தை ஒரு சொடுக்கு. பந்து மூலைக்குள். 2-1. வீடே கத்தியதில் மகன் விழித்து அழுதான். மறு ஆட்டத்தில் கடைசி நிமிடம் போர்ட்டோவைக் காப்பாற்றிய கோல் காஸ்டின்யா பெயரில் இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய ஃப்ரீ கிக்கை அடித்தது பென்னி. கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தைத்தான் காஸ்டின்யா உள்ளே தள்ளினார். கணக்கில் வராத வேலை அது. ஸ்ட்ரைக்கர்களைக் கோல் எண்ணிக்கையை மட்டும் வைத்து எடைபோடுகிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும்.

2006இல் பிளாக்பர்ன். முதல் சீசனிலேயே இங்கிலாந்து லீக்கில் 18 கோல், செல்சி கிளப்பின் ட்ரோக்பாவுக்கு மட்டும் அடுத்தபடி. 2010இல் வெஸ்ட் ஹாம் போனார். அங்கே முழங்கால் காயம், ஒரு கோல்கூட இல்லை. சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பை அணியிலும் இடம் கிடைக்கவில்லை. அந்த ஜூன் மாதம் எங்கள் ஊர் முழுக்க வுவுசேலா சத்தம், அவர் இல்லை. 2011இல் தென்னாப்பிரிக்காவுக்கே திரும்பி, ஒர்லாண்டோ பைரேட்ஸ் கிளப்பில் சேர்ந்து லீக் பட்டம் வென்றுவிட்டுத்தான் ஓய்வு பெற்றார். நாட்டுக்காக 31 கோல். இன்றுவரை அதை யாரும் தாண்டவில்லை.

எட்டு கிளப். இதில் அவருக்குத் தாவுகிற புத்தி என்று எந்த இடத்தைக் காட்டுவீர்கள்? வீகோவில் வேண்டாம் என்றார்கள், போர்ட்டோவில் வேண்டும் என்றார்கள், பணம் இல்லை என்றார்கள், பிறகு இருக்கிறது என்றார்கள். "வெஸ்ட் ஹாமில் அவர் உடம்பைக் கவனிக்கவில்லை, அதையும் எழுது" என்று ஒருவர் வருவார். சரி, அந்தக் குற்றச்சாட்டு உண்டு. நான் அவருக்கு வக்கீல் இல்லை. ஆனால் அது எட்டில் ஒன்று.

இப்போது என் மகன் கதை.

2022இல் அவனுக்கு இருபது வயது. மூன்றாம் நிலை லீக், ஏபிசி மொட்செபே லீக் என்பார்கள், அதில் ஒரு கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தான். முந்தைய சீசனில் 11 கோல். கோச் மாறினார். புதியவர் தன்னோடு ஒரு ஸ்ட்ரைக்கரைக் கூட்டிவந்தார். மகனை இடது ஓரத்துக்குத் தள்ளினார், பிறகு பெஞ்ச், பிறகு பஸ்ஸிலேயே இடம் இல்லை. பைன்டவுன் பக்கமிருந்து இன்னொரு கிளப் கேட்டது. கோச் நேரில் வந்து பேசினார், பயணப்படி தருகிறோம் என்றார். பையன் அன்றைக்கு ராத்திரி பூட்ஸைத் துடைத்துப் பளபளவென்று வாசலில் வைத்தான்.

பழைய கிளப் கிளியரன்ஸ் தாளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டது.

கிளியரன்ஸ் என்பது ஒரே ஒரு தாள். மேலே பையன் பெயர், பிறந்த தேதி. நடுவில் "இவர்மீது எங்களுக்குப் பாக்கி எதுவும் இல்லை" என்கிற மாதிரி ஒரு வரி. கீழே கிளப் செயலாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தக் கோடு மட்டும் காலியாக இருந்தது. அது நிரம்பாமல் புதிய கிளப் பதிவு செய்ய முடியாது. செயலாளர் 12,000 ராண்ட் கேட்டார். "உங்கள் பையனை வளர்த்த செலவு" என்றார். அந்தக் கிளப்பில் அவன் இருந்தது இரண்டே வருடம். ஜெர்சிக்கும் பஸ்ஸுக்கும் நாங்கள்தான் பணம் கட்டியிருந்தோம். ரசீது? ஒன்றுகூட வாங்கி வைக்கவில்லை. நம்பிக்கையான இடம் என்று கையில் கொடுத்த பணம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வளர்த்த கிளப்புக்குப் பணம் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஃபிஃபா விதியிலேயே இருக்கிறது: நாடு விட்டு நாடு விலைக்குப் போகும் ஆட்டக்காரரின் டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம், 12 வயது முதல் 23 வரை அவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துப் போகும். நியாயமான ஏற்பாடு. ஆனால் அது விலை கொடுத்து வாங்குகிறவர் தருகிற பணம். பயணப்படிக்கு ஆடுகிற ஒரு பையனின் தகப்பனிடம் வாங்குகிற பணம் இல்லை.

நாலு தடவை போனேன். வேலை முடிந்து, கையில் வெல்டிங் கரியோடு. முதல் தடவை செயலாளர் வெளியூர். இரண்டாவது தடவை "கமிட்டி கூடணும்." மூன்றாவது தடவை வாசலோடு. நாலாவது தடவை மகனையும் கூட்டிப்போனேன். அவன் காருக்குள்ளேயே இருந்தான். நான் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டான். "பேப்பர் வரல இல்லப்பா?" என்றான். "மக்களே, பாத்துக்கலாம்" என்றேன். வீடு வரும்வரை இருவரும் பேசவில்லை.

பதிவுக் காலம் முடிந்தது. ஒரு சீசன் முழுக்கப் போச்சு. இருபது வயதில் ஒரு சீசன் என்றால் என்ன என்று ஸ்ட்ரைக்கரைப் பெற்றவர்களுக்குத் தெரியும். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, பள்ளிக்கூடச் சுவரில் தனியாக பந்தை அடித்துக்கொண்டிருப்பான். வலது கால் இருபது, இடது கால் இருபது. மாமி, அதாவது மனைவியின் அம்மா, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதாக வேண்டிக்கொண்டார். ஊற்றவும் செய்தார். தெருவே வந்து குடித்தது.

அந்த வருடம்தான் ஒரு கல்யாண வீட்டில், மனைவி வழிப் பெரியவர் ஒருவர், சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும், "இந்த மாசம் உன் பையன் எந்த டீம்?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மகனும் பக்கத்தில்தான் இருந்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியவர், கல்யாண வீடு. இந்தப் பதிலில் பாதி அவருக்குச் சொல்ல வேண்டியது.

அவருக்குச் சொல்ல இன்னொன்றும் உண்டு. ஆட்டக்காரன் மாறினால் துரோகி என்கிறோம். கிளப் மாறினால்? சாட்ஸ்வொர்த்தின் மேனிங் ரேஞ்சர்ஸ் 1996-97இல், நாட்டின் உச்ச லீக்கான பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் சீசனிலேயே பட்டம் வென்ற அணி. மனைவி வீட்டில் இன்றும் அந்த இரவைப் பற்றிப் பேசுவார்கள். பெரிய பெரிய ஜோகன்னஸ்பர்க் அணிகளைத் தாண்டி எங்கள் தெருக்களின் அணி. அதே கிளப் நொடித்து, 2006இல் கைமாறி, பெயர் மாறி, கேப் டவுன் பக்கம் போய்விட்டது. இந்த நாட்டில் லீக் இடத்தையே விற்கலாம், வாங்கலாம். 2020இல் விட்ஸ் கிளப்பின் இடம் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லிம்போபோவுக்குப் போனது. பென்னி 2017இல் கோச்சாகச் சேர்ந்த கேப் டவுன் சிட்டிகூட, அதற்கு முந்தைய வருடம் பிளாக் ஏசஸின் இடத்தை வாங்கித்தான் லீக்குக்குள் வந்தது. ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகிற கிளப்பை யாரும் ஓடுகாலி என்பதில்லை. இருபது வயதுப் பையனைச் சொல்கிறோம்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் சாட்ஸ்வொர்த் என்று எழுதினாலே யாராவது வந்து "அங்கே இருப்பவர்களுக்குத் தமிழே தெரியாதே" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு இங்கே வந்தது. கரும்புத் தோட்டத்தில் வெட்டுக்கத்தியோடு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பள்ளிக்கூடம் ஆங்கிலத்தில், வேலை ஆங்கிலத்தில். அதற்குள் இத்தனை கோயில் கட்டி, காவடி தூக்கி, வீட்டில் தாத்தா, ஆயா, பெரிம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்த நாட்டு அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில் தமிழின் பெயர் இருக்கிறது. என் மகனுக்குத் தமிழ் எழுத வராது. சனிக்கிழமை காலை தமிழ் வகுப்பு, அதே நேரம் ஆட்டம். நான்தான் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன். அந்த வருத்தம் எனக்கு இருக்கிறது, அதை வெளியிலிருந்து யாரும் சுட்டிக்காட்ட வேண்டியதில்லை.

அடுத்த வருடம் அந்தக் கிளப்பில் செயலாளர் மாறினார். புதியவர் சின்னப் பையன், முப்பது வயது இருக்கும். தாளை வாங்கிப் பார்த்தார், மேசையில் வைத்தார், கையெழுத்துப் போட்டார். எனக்குக் கொடுத்த டீ ஆறவில்லை. ஒரு சீசனைத் தின்ற தாள் அது.

மகன் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு வருடம் ஆடினான். அங்கே கோச் அவனை நடுவில் நிறுத்தினார், ஓரத்தில் இரண்டு வேகமான பையன்கள். ஒன்பது கோல். இப்போது ஐந்தாவது கிளப்பில் ஒப்பந்தம், ஒரு வருடம். சம்பளம் பெரிதில்லை, ஆனால் மாதம் தவறாமல் வருகிறது.

ஆகவே உங்கள் பையனிடம் "எத்தனை கிளப்" என்று கேட்காதீர்கள். புதிய கோச் அவனை எந்த இடத்தில் நிறுத்தப் போகிறார், பந்து யார் கொடுப்பார்கள், அந்த இடத்துக்கு வேறு யார் வரப்போகிறார்கள், இதைக் கேளுங்கள். பதில் சரியாக இருந்தால் போகவிடுங்கள்.

போவதற்கு முன், இப்போதைய கிளப்பில் கட்டிய ஒவ்வொரு காசுக்கும் ரசீது வாங்குங்கள். கிளியரன்ஸை நல்ல உறவு இருக்கும்போதே எழுத்தில் கேளுங்கள். கோபம் வந்த பிறகு கேட்டால் கிடைக்காது. எங்கள் வீட்டில் மகனின் தாள்கள் எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னில், பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன.