மூன்று கட்டங்களில் ஒரு குறி

மதிப்பிற்குரிய ஐயா,

நான் ஜெர்மனியில் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். என் வதிவிட அட்டை அடுத்த மாதம் காலாவதியாகிறது. நீட்டிப்புக்கு இணையத்தில் விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகியும், தானாக வந்த ஒரு மின்னஞ்சலைத் தவிர வெளிநாட்டவர் அலுவலகத்திலிருந்து பதிலே இல்லை. புதிய அட்டை கைக்கு வரும்வரை பகுதிநேர வேலைக்கும் போகக்கூடாது, நாட்டை விட்டும் வெளியேறக்கூடாது என்கிறார் உடன் படிக்கும் ஜப்பானியத் தோழி. இரண்டுமே செய்யலாம் என்கிறார் திருச்சி நண்பர். ஆவணியில் அக்காவுக்குத் திருமணம். யார் சொல்வதை நம்புவது?

ம., ஆகன்

அன்புள்ள ம.,

இருவருமே தத்தம் அனுபவத்தைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். இருவருக்கும் பொருந்தும் சட்டப்பிரிவு ஒன்றல்ல என்பதுதான் சிக்கல்.

ஜேர்மனிய வதிவிடச் சட்டத்தின் 81ஆம் பிரிவைப் பாருங்கள். அனுமதி காலாவதியாகும் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்தவருக்கு, முடிவு வரும்வரை பழைய அனுமதி அதன் எல்லா உரிமைகளோடும் தொடர்வதாகக் கருதப்படும் என்கிறது அதன் 4ஆம் உட்பிரிவு. உங்களுக்கும் திருச்சி நண்பருக்கும் உரியது இதுதான். ஆகவே நீங்கள் வேலையை நிறுத்த வேண்டியதில்லை. மாணவருக்கு உரிய ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்ற வரம்பு அப்படியே தொடரும். ஜப்பானியரோ விசா இல்லாமலே வந்திறங்கி, இங்கிருந்தபடி முதல் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அவர்களுக்கு உரியது 3ஆம் உட்பிரிவு. அதில் தங்கியிருப்பது மட்டுமே சட்டபூர்வமாகக் கருதப்படும். வேலை செய்யும் உரிமை பொதுவாக அதனால் வந்துவிடாது.

இந்தக் 'கருதப்படும்' என்பதற்குச் சான்றாகத் தரும் தாளின் பெயர் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங். சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'புனைவுச் சான்றிதழ்' என்றுதான் வரும். எழுதிப் பிழைக்கும் எனக்கே இங்கே அப்படியொரு தாள் இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சிரிப்பு உண்டு. மடித்துத் தரும் அந்தத் தாளில் மூன்று கட்டங்கள் இருக்கும். 4ஆம் உட்பிரிவுக்கு உரிய கட்டத்தில் குறி இருந்தால், காலாவதியான அட்டையையும் கடவுச்சீட்டையும் சேர்த்துக் காட்டி நீங்கள் திரும்ப உள்ளே வரலாம். குறி வேறு கட்டத்தில் இருந்தால் அந்தத் தாளை நம்பிப் புறப்பட வேண்டாம். தானாக வந்த மின்னஞ்சலை எல்லையில் காட்டிப் பயனில்லை. ஆனால் காலாவதிக்கு முன்பே விண்ணப்பித்தீர்கள் என்பதற்கு அதுவே சாட்சி என்பதால் அச்சிட்டு வையுங்கள். பயணத் தேதியைக் குறிப்பிட்டு அந்தச் சான்றிதழைக் கேட்டு இன்றே எழுதுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை, அதைத் தர வேண்டும் என்று அதே பிரிவின் 5ஆம் உட்பிரிவு சொல்கிறது. ஊரிலிருந்து திரும்பும்போது நேராக ஜேர்மனியில் இறங்கும் விமானமே நல்லது. வேறொரு நாட்டு விமான நிலையத்தில் நின்று இந்தத் தாளை விளக்கிக்கொண்டிருப்பது வீண் அலைச்சல்.

ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முன்பெல்லாம் கடவுச்சீட்டில் ஒரு வில்லையை ஒட்டித் தருவார்கள். எங்களவர் அதை 'விசா குத்துவது' என்பார்கள். 2011 செப்டம்பர் 1 முதல் அது சில்லு பதித்த அட்டையாகிவிட்டது. கைரேகையை உங்கள் ஊர் அலுவலகத்தில் எடுத்தாலும் அட்டை அச்சாவது பேர்லினில் உள்ள அரசு அச்சகத்தில். ஆகவே ரேகை கொடுக்க ஒரு நடை, அட்டையைப் பெற இன்னொரு நடை, இடையில் வாரக்கணக்கில் காத்திருப்பு. ஆள் பற்றாக்குறையை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவரின் வேலையும் பயணமும் தொங்கிக்கொண்டிருக்கும் போது ஒரு வரிப் பதில்கூட எழுதாமல் இருப்பதற்கு அது போதுமான சமாதானம் ஆகாது.

அட்டையைப் பெறும் நாளில் கவுண்டரை விட்டு நகரும் முன் அதை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். என் அட்டை ஒன்றில் தந்தையார் பெயரின் நடுவே ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. நம் பெயர்களின் நீளத்தைத் தட்டச்சு செய்தவரின் பொறுமை எங்கோ ஓரிடத்தில் முறிந்திருக்க வேண்டும். கையொப்பமிட்டு வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்ட நான், நான்கு மாதம் கழித்து விமான நிலையத்தில், பரிசோதகர் அட்டையையும் கடவுச்சீட்டையும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் அதைக் கண்டேன். திரும்பி வந்து மறுபடி ரேகை, மறுபடி காத்திருப்பு. அட்டையோடு நிபந்தனைகளை அச்சிட்ட தனித்தாள் ஒன்றும் தருவார்கள். வேலை வரம்பு எழுதியிருப்பது அதில்தான் என்பதால் அதையும் படித்துவிடுங்கள்.

இன்னொன்று. அலுவலகம் தபாலில் ஏதாவது அனுப்பினால் அது உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும். இங்கே தபால்காரர் கதவு எண்ணைப் பார்ப்பதில்லை, தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பார். நீங்கள் பகிர்வு வீட்டில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பெயர் அந்தப் பெட்டியில் இல்லையென்றால், இன்று மாலையே ஒரு துண்டுத் தாளில், கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதி ஒட்டிவிடுங்கள்.