பாட்டியின் தையல் மெஷினுக்கு எண்ணெயா, கிரீஸா?

கேள்வி: என் பாட்டி தைத்த சிங்கர் 15கே கால் மெஷின் பத்தாண்டுகளாக மூலையில் கிடந்தது. இப்போது கைச்சக்கரம் அசையவில்லை. பழுதுபார்ப்பவர், "உள்ளே தேய்ந்துவிட்டது, கொடுத்துவிட்டுப் புதிது வாங்குங்கள்" என்கிறார். நானே எண்ணெயும் கிரீஸும் போட்டுப் பார்க்கலாமா?
- ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். தேய்ந்த இயந்திரம் இறுகாது. ஆட்டம் கண்டு கடகடவென்று ஒலிக்கும். உங்கள் இயந்திரத்தில் முன்பு விட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகித் தண்டுகளைப் பிடித்திருக்கிறது என்றே கருதுகிறேன். நம் வீடுகளில் சமையல் எண்ணெயை விடும் வழக்கம் இருந்தது. நல்லெண்ணெய் நாளடைவில் அரக்குப் போலப் படிந்துவிடும். தேங்காய் எண்ணெயோ சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும்.

முதலில் ஊசிக்குக் கீழே பாபினைத் தாங்கும் ஷட்டிலைக் கழற்றி, உள்ளே நூல் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துண்டு நூலே சக்கரத்தை நிறுத்திவிடும். பிறகு, அடுப்போ விளக்கோ இல்லாத காற்றோட்டமான இடத்தில், எண்ணெய்த் துளைகள் ஒவ்வொன்றிலும் ஓரிரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவைத்து, கைச்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். வலுக்கட்டாயமாகத் திருப்ப வேண்டாம். இரண்டு மூன்று நாள் இதைத் திரும்பச் செய்ய நேரலாம். இயந்திரத்தின் மேலுள்ள பொன்னிறப் பூவேலை மீது மண்ணெண்ணெயோ ஸ்பிரிட்டோ படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அழிந்தால் அது திரும்ப வராது.

சக்கரம் இளகியதும் கசடைத் துடைத்துவிட்டு, தையல் மெஷினுக்கென்றே விற்கும் நிறமற்ற எண்ணெயை விடுங்கள். மேல் துளைகள், முகத்தட்டுக்குள் (ஊசிப் பக்க முனையை மூடும் தகடு) இருக்கும் ஊசித்தண்டு, தலையைச் சாய்த்தால் அடியில் தெரியும் மூட்டுகள், ஷட்டில் ஓடும் வளையம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டே போதும். மிதியின் மூட்டுகளையும் மறக்காதீர்கள். நூலை இறுக்கும் தட்டுகளிலும் தோல் பெல்ட்டிலும் எண்ணெய் படக்கூடாது. துருநீக்கும் ஸ்பிரேயை எண்ணெய்க்குப் பதிலாக அடிக்காதீர்கள்; அது விரைவில் காய்ந்துவிடும்.

கிரீஸ் நீங்கள் வாங்கவே வேண்டாம். மிதியால் ஓடும் 15கேயில் பற்சக்கரங்கள் இல்லை. பற்சக்கரங்கள் உள்ள சிங்கர் 201கே போன்ற மாடல்களுக்குத்தான் கிரீஸ் தேவை. உங்கள் இயந்திரத்தில் கிரீஸைத் தடவினால் பஞ்சும் தூசியும் ஒட்டிக்கொண்டு மறுபடியும் இறுகும்.

இத்தனைக்குப் பிறகும் அசையாவிட்டால் வேறொரு மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவரும் தேய்மானம் என்று சொன்னால், எந்தப் பாகம் தேய்ந்தது என்று உங்கள் கண்ணெதிரே ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்.