உறையில் எழுதாத பெயர்கள்

மதிப்புக்குரிய ஐயா,
எழுபதுகளின் கடைசியில் பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாக்களில் என் தகப்பனார் பதிவுசெய்த நாதஸ்வரக் கசெற்றுகள் எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை யூடியூபில் ஏற்றினேன். காலஞ்சென்ற வித்துவானின் மகன், கேட்காமல் போட்டது களவு என்று சொல்லி நீக்கச் சொல்கிறார். அழியவிருந்த இசையைக் காப்பாற்றியது களவா? வெளிநாட்டு இசைக்குழுக்கள் இரசிகர்களின் பதிவுகளை அனுமதிக்கின்றனவே?
– ஒரு வாசகர், உவர்மலை, திருகோணமலை

அன்புள்ள தம்பிக்கு,

கடற்காற்றடிக்கும் ஊரில் இத்தனை காலம் பூஞ்சணம் பிடிக்காமல் அந்த நாடாக்களைக் காத்த உங்கள் குடும்பத்தை வணங்குகிறேன். களவா இல்லையா என்ற வழக்கை நீட்ட மாட்டேன். இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நிகழ்த்துநரின் உரிமையை 50 ஆண்டுகள் பாதுகாக்கிறது. கோயில் வீதியில் காசு கொடுக்காமல் கேட்டதனால் அது ஊர்ச்சொத்தாகிவிடாது. மகன் கோபிப்பது நியாயம். பதிவை இறக்கிவிட்டு, அவர் வீட்டுக்கு நேரில் போங்கள்.

வெளிநாட்டுக் கதையை அரைகுறையாகச் சொல்லாதீர்கள். அமெரிக்காவின் கிரேட்ஃபுல் டெட் என்ற ரொக் இசைக்குழு 1984இல் பதிவுசெய்வோருக்கென்று அரங்கில் தனியிடமே ஒதுக்கியது உண்மை. ஆனால் அப்பதிவுகளை விற்கக் கூடாது என்பது நிபந்தனை. அதே குழு 2005இல் இணைய ஆவணக்காப்பகம் (Internet Archive) என்ற தளத்தில் இருந்த தன் கச்சேரிப் பதிவுகளைத் தரவிறக்குவதை நிறுத்தி, இரசிகர்கள் கொதித்தெழுந்த பின்னரே, அவர்கள் பதிந்தவற்றை மட்டும் மீண்டும் திறந்துவிட்டது. அமெரிக்க இசைக்கலைஞர் பிராங் சப்பாவோ 1991இல், தன் கச்சேரிகளைத் திருட்டுத்தனமாகப் பதிந்து விற்றவர்களின் தட்டுகளை அப்படியே பிரதிசெய்து தானே விற்றார். கொடுப்பதும் மறுப்பதும் கலைஞரின் விருப்பம் என்பதைத் தவிர இவற்றில் உங்களுக்குச் சாதகமாக எதுவுமில்லை.

அந்த இரசிகர்களிடம் நீங்கள் கற்றிருக்க வேண்டியது வேறொன்று. நாள், இடம், ஒலிவாங்கியின் வகை, எந்த நாடாவிலிருந்து எடுத்த பிரதி என்பவற்றையெல்லாம் அவர்கள் குறித்து வைத்தார்கள். நீங்கள் ஏற்றியதை நான் கேட்டேன். சுவாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரி முடிந்ததும் இரண்டு தவில்களும் மாறி மாறி வாசிக்கும் பகுதிதான் அதன் உயிர். கீழே இருப்பதோ நாதஸ்வர வித்துவானின் பெயர் மட்டும். தவில் வாசித்தவர்கள் யார்? தாளம் போட்டவர் யார்? உங்கள் தகப்பனார் உறையில் எழுதவில்லை, நீங்கள் விசாரிக்கவில்லை, உரிமை பேசும் மகனும் அதைப் பற்றி வாய்திறக்கவில்லை. சட்டம் சொல்லும் நிகழ்த்துநர் என்பவர் முன்னால் இருந்தவர் மட்டும்தானா?

எங்கள் அயலில் ஒரு முதிய தவில் வித்துவான் இருந்தார். தவில் வாசிக்க விரல்களில் மாட்டும் கூடு போட்டுப் போட்டுத் தடித்துப்போன விரல்கள் அவருக்கு. ஒரு கலியாண வீட்டில் பழைய நாடாவொன்று ஓடியபோது, பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டு, "இது நான்" என்றார். உறையை வாங்கிப் பார்த்தோம். அவர் பெயர் இல்லை. அதற்காக அவர் வருந்தவில்லை. "மற்றத் தவில்காரனுடைய பெயராவது இருக்கிறதா?" என்று கேட்டார். அதுவும் இல்லை. அன்றிலிருந்து, இசையைக் காப்பாற்றினோம் என்று யாராவது பெருமைப்பட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

உங்கள் நாடாவில் வாசித்தவர்கள் யாரென்று அந்த மகனுக்குத் தெரிந்திருக்கும். அனுமதி கேட்கப் போகும்போது அவருக்கென்று ஒரு பிரதியையும், எழுதிக்கொள்ளப் பேனையையும் கொண்டுபோங்கள்.