அப்பாவின் ரேஸ் புக்கும் ஒரு லாங் சைஸ் நோட்டும்

கேள்வி: வயது 62. ராயபுரம் கல்மண்டபம் பக்கம் வீடு, ஹார்பர் வேலையில் இருந்து ஓய்வு பெற்றாயிற்று. அப்பாவுக்கு குதிரை ரேஸ் பைத்தியம். அம்மாவின் சங்கிலி வீட்டில் இருந்ததைவிட அடகுக் கடையில் இருந்ததுதான் அதிகம். அவர் போன பிறகு பரணில் இரண்டு சாக்கு ரேஸ் புக் (அந்தந்த வார ரேஸில் ஓடும் குதிரைகளின் விவரப் புத்தகம்) கிடைத்தது. ஓரமெல்லாம் பென்சில் கணக்கு. பணம் கட்டும் உத்தேசம் எனக்கில்லை. அந்தக் கணக்கு என்னவென்று புரிந்துகொண்டு, பொழுதுபோக்காகச் செய்துபார்க்க ஆசை. எங்கே ஆரம்பிப்பது?

பதில்: ஐயா, அந்தச் சாக்குகளை பழைய பேப்பர்காரரிடம் போடாமல் வைத்திருக்கிறீர்களே, அதுவே பாதி வேலை. தேவைப்படும் மற்றொன்று ஒரு நோட்டு. ஆண்டர்சன் தெருவில் 200 பக்க லாங் சைஸ் நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

‘ஹேண்டிகேப்’ என்ற சொல்லுக்கு ரேஸில் இரண்டு வேலை உண்டு. கிளப்பில் உட்கார்ந்து ஒவ்வொரு குதிரைக்கும் ரேட்டிங் என்ற தகுதிப் புள்ளி போட்டு, அதற்கேற்ப முதுகில் எடை ஏற்றுபவர் ஹேண்டிகேப்பர். நல்ல குதிரைக்கு அதிக எடை, சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாம் ஒரே கோட்டில் வந்து முடிய வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கணக்கில் அவர் எங்கே தவறினார் என்று வெளியில் இருந்து தேடுபவருக்கும் அதே பெயர்தான். உங்கள் அப்பா இந்த இரண்டாம் ரகம். ஓரத்தில் +1½, -3 என்று எழுதியிருந்தால் அநேகமாக அது எடை வித்தியாசம்.

நம் நாட்டு ஹேண்டிகேப் ரேஸ்களில் 1 ரேட்டிங் புள்ளி அரை கிலோ. 60 ரேட்டிங் குதிரை 60 கிலோ சுமந்தால், அதே ரேஸில் 40 ரேட்டிங் குதிரை 50 கிலோ சுமக்கும். ஜெயித்த குதிரைக்கு ரேட்டிங் ஏறும், தொடர்ந்து பின்தங்கும் குதிரைக்கு இறங்கும். ரேஸுக்கு முன் மொத்த எடையையும் 2, 3 கிலோ கூட்டி அறிவிப்பது உண்டு. அப்போது எல்லாருக்கும் சேர்த்தே ஏறுவதால் பயப்பட வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது தனி எடையை அல்ல, இரண்டு குதிரைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை.

அடுத்தது லெங்த், அதாவது ஒரு குதிரை நீளம். அதை எடையாக மாற்ற ஒரு தோராயக் கணக்கு உண்டு. 1000, 1200 மீட்டரில் ஒரு லெங்த் என்பது சுமார் 1¼ கிலோ. 1400, 1600-ல் ஒரு கிலோவுக்குச் சற்றுக் குறைவு; ஒரு கிலோ என்றே வைத்துக்கொள்ளலாம். 2000-ல் 0.8, டெர்பி தூரமான 2400-ல் 0.7. தூரம் கூடக் கூட அதே எடை அதிகமாகக் கடிக்கும்.

கையால் ஒன்று போட்டுப் பாருங்கள். போன மாதம் 1400 மீட்டரில் ‘அ’ 60 கிலோ, ‘ஆ’ 54½ கிலோ. ‘அ’ 2 லெங்த்தில் ஜெயித்தது. ஹேண்டிகேப்பர் ‘அ’வுக்கு 6 புள்ளி, அதாவது 3 கிலோ, ஏற்றினார்; ‘அ’வின் எடை அப்படியே நிற்க, அந்த 3 கிலோ ‘ஆ’விடம் குறைகிறது. இன்று அதே தூரத்தில் ‘அ’ 60, ‘ஆ’ 51½. அன்று வித்தியாசம் 5½ கிலோ, இன்று 8½. அதாவது ‘ஆ’வுக்கு 3 கிலோ லாபம், கிட்டத்தட்ட 3 லெங்த். 2 லெங்த்தில் தோற்ற குதிரை தாளில் இன்று 1 லெங்த் முன்னால் நிற்கிறது.

ஐந்நூறு கிலோ மிருகத்துக்கு 3 கிலோ ஒரு பொருட்டா என்று தோன்றும். 0.6% தான். ஆனால் 1400 மீட்டர் ஓட ஏறக்குறைய 86 விநாடி. அதில் 0.6% என்பது அரை விநாடி. அரை விநாடியில் மூன்று லெங்த் வரை போய்விடும்.

இங்கே புதியவர்கள் சறுக்கும் இடம் ஒன்று: ரிசல்ட்டில் ‘1¼, நெக், 3’ என்று இருந்தால் அது அடுத்தடுத்த குதிரைகளுக்கு இடையே உள்ள தூரம். நெக் என்பது கால் லெங்த் அளவு. அப்படியானால் நான்காவது குதிரை ஜெயித்ததற்கு 3 லெங்த் பின்னால் இல்லை. 4½ லெங்த் பின்னால். கூட்டாமல் விட்டால் கணக்கு முழுவதும் வீண்.

இரண்டாவது சறுக்கல், தாளில் வரும் அந்த 1 லெங்த்தை அப்படியே நம்புவது. கடைசி ஐம்பது மீட்டரில் ஜாக்கி கையைத் தளர்த்திவிட்டால் ‘2 லெங்த் வெற்றி’ உண்மையில் 4 லெங்த் வெற்றி. முன்னால் இரண்டு குதிரைகள் ஆரம்பத்திலேயே மூச்சு முட்ட ஓடிக் களைத்திருந்தால், பின்னால் வந்த குதிரை தன் தகுதிக்கு மேல் நல்ல பெயர் வாங்கியிருக்கும். 1 லெங்த் வித்தியாசத்தைச் சமம் என்றே வையுங்கள். 3 லெங்த் என்றால் நிமிர்ந்து உட்காரலாம்.

மூன்றாவது சறுக்கல்தான் பெரியவர்களையும் கவிழ்ப்பது: ஒரே சேதியை இரண்டு முறை எண்ணுவது. போன ரேஸ் ஜெயித்தது, ரேட்டிங் ஏறியிருக்கிறது, பெரிய ஜாக்கி ஏறுகிறார், டிராக் ஒர்க்கிலும் (பயிற்சி ஓட்டக் குறிப்பு) ‘600/38, நன்றாக ஓடியது’, அதாவது 600 மீட்டர் 38 விநாடியில், என்று போட்டிருக்கிறது. இவை நான்கு காரணங்கள் இல்லை. குதிரை நல்ல நிலையில் இருக்கிறது என்ற ஒரே சேதி நான்கு வேஷத்தில் வருகிறது. ஒரு முறை மட்டும் எண்ணுங்கள். டிரா (புறப்படும் இடத்தின் எண்), பிளிங்கர் (கண் மறைப்பு), ஷூ (லாடம்) எல்லாம் கடைசியில் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

இனி நோட்டு. ஒரு நாளில் எட்டு ஒன்பது ரேஸ் இருக்கும், அத்தனையும் பார்க்காதீர்கள். 8 முதல் 12 குதிரை ஓடும், எல்லாக் குதிரையும் குறைந்தது நாலு தடவையாவது ஓடியிருக்கும் ஹேண்டிகேப் ரேஸ் இரண்டு மட்டும். முதன்முறை ஓடும் குட்டிகளின் ரேஸைத் தொட வேண்டாம். அதில் படிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஒரு ரேஸுக்கு 40 நிமிஷம். மேலே சொன்னபடி கணக்குப் போட்டு, 100 புள்ளியை அத்தனை குதிரைக்கும் பங்கிட்டு எழுதுங்கள்: இதற்கு 25, அதற்கு 18, கடைசிக் குதிரைக்கு 3. கூட்டினால் சரியாக 100 வர வேண்டும். பேனாவில் எழுதுங்கள், புக்கி (பந்தயப் பணம் வாங்குபவர்) ஒவ்வொரு குதிரைக்கும் சொல்லும் சந்தை விலையைப் பார்ப்பதற்கு முன்பே எழுதுங்கள். விலையைப் பார்த்துவிட்டால் உங்கள் கை தானாக ஃபேவரிட், அதாவது எல்லாரும் நம்பும் குதிரை, பக்கம் போய்விடும்.

பிறகு விலையைப் பாருங்கள். 3-க்கு 1 என்றால், ஒரு ரூபாய் கட்டி ஜெயித்தால் 3 ரூபாய் லாபம்; நாலில் ஒரு வாய்ப்பு, அதாவது 25%. 4-க்கு 1 என்றால் 20%. ஆறு குதிரை ரேஸில் விலை 6/4, 3, 4, 6, 8, 10 என்று இருந்தால் விழுக்காடு 40, 25, 20, 14, 11, 9 என்று கூட்டி 119 வரும். நூறுக்கு மேல் உள்ள 19 புக்கியின் பங்கு. அதற்கு மேல் கட்டும் பணத்தின் முழு மதிப்புக்கும் ஜி.எஸ்.டி.; முன்பு 28% ஆக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 40%.  1996-ல் உச்ச நீதிமன்றம் குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த ஆட்டம் என்று சொன்னது உண்மை. ஆனால் அந்தத் திறமை இவ்வளவு கழிவையும் தாண்ட வேண்டும். பணம் கட்டாமல் செய்வது என்று நீங்களே எடுத்த முடிவு கணக்குப்படியும் சரி. தெருமுனையில் சீட்டு எழுதுகிறவரிடம் கட்டுவது சட்டப்படியே குற்றம். அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எத்தனை வின்னரைச் சரியாகச் சொன்னோம் என்று எண்ணாதீர்கள், அது டிப்ஸ்காரர் வேலை. நீங்கள் 25 புள்ளி போட்ட குதிரைகள் 50 சேர்ந்ததும், அவற்றில் எத்தனை ஜெயித்தன என்று பாருங்கள். 12, 13 வர வேண்டும். 9-ல் இருந்து 16 வரை வந்தால் அதிர்ஷ்டத்தின் ஆட்டம், கவலை இல்லை. 6 தான் வந்தது என்றால் உங்களுக்குப் பிடித்த குதிரைகளுக்குத் தாராளமாகப் போடுகிறீர்கள். 20 வந்தால் பயந்து பயந்து போடுகிறீர்கள். நோட்டில் காரணம் என்று ஒரு பத்தி விட்டு, ‘எடை’, ‘தூரம்’, ‘ஜாக்கி’ என்று ஒரு சொல் எழுதி வைத்தால் எந்தக் காரணம் உங்களை ஏமாற்றுகிறது என்றும் தெரிந்துவிடும். நிறையப் பேருக்கு அது ஜாக்கியாகத்தான் இருக்கும்.

இதற்கெல்லாம் கிண்டி ரேஸ் மைதானம் போக வேண்டியதில்லை. கிண்டி நிலத்தின் குத்தகையை 2024 செப்டம்பரில் அரசு ரத்து செய்து, விவகாரம் கோர்ட்டுக்கும் போயிற்று. நடப்பு ரேஸ் வேண்டுமென்றால் பெங்களூர் ஒன்றை மட்டும் ஒரு சீசன் முழுக்கப் பின்தொடருங்கள். ஆங்கில நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் கார்டும் (அன்றைய ரேஸ், குதிரை, எடைப் பட்டியல்) ரிசல்ட்டும் வரும். ஹைதராபாத், மும்பை, மைசூர் என்று நான்கு ஊரையும் ஒன்றாக இழுத்துப் போட்டால் எந்தக் குதிரையும் மனதில் நிற்காது.

ஆனால் முதல் ஆறு மாதத்துக்கு அப்பாவின் சாக்கே போதும். புத்தகங்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். ஒரு வாரப் புத்தகத்தில் உள்ள ரேஸுக்கு 100 புள்ளி பங்கிட்டு எழுதுங்கள். ரிசல்ட் அதில் இருக்காது. அடுத்தடுத்த வாரப் புத்தகங்களில் அதே குதிரை மறுபடி ஓடும்போது, அதன் பழைய ஓட்டங்களைக் குறித்த வரியில் அந்த ரிசல்ட் இருக்கும். அப்பாவின் பென்சில் குறிப்பை மட்டும் ஒரு தபால் அட்டையால் மறைத்துக்கொள்ளுங்கள், எழுதி முடித்த பிறகு எடுங்கள்.

கடல் காற்றுக்கு அந்தத் தாள் சீக்கிரம் நமுத்துப்போகும், ராமபாணப் பூச்சியும் துளை போடும். சாக்கில் இருந்து எடுத்து ஒரு நாள் நிழலில் உலர்த்தி, மூடி இறுக்கமான தகர டிரங்குப் பெட்டியில் நாலு பாச்சை உருண்டையைத் துணியில் முடிந்து போட்டு வையுங்கள். வெயிலில் மட்டும் விரிக்காதீர்கள், பென்சில் எழுத்து நின்றாலும் தாள் மொறுமொறுவென்று உடைந்துவிடும்.